பிரிகேடியருக்கு ஒரு வெடிக்கட்டு

போன வாரம் எஹலியகொட டவுனில் புதுக்கடை ஒன்று திறந்தார்கள். வாசலில் ஆள் உயரத்துக்கு வெடிக்கட்டைத் தொங்கவிட்டுக் கொளுத்தினார்கள். நான் கையிலிருந்த பாண் ரொட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்து மருந்துக் கடைக்குள் போய் நின்றுகொண்டேன். "இந்த வயசுல வெடிக்குப் பயமாங்க?" என்று என் மனைவி சிரித்தாள். சிரிக்கட்டும். வெடிமருந்து வாசனை மூக்கில் ஏறினாலே என்னால் அந்த இடத்தில் நிற்க முடியாது. கொளுத்தியது யார், கேட்டது யார் என்றுதான் மனம் முதலில் தேடும். ஒரு பிரிகேடியரின் சாவிலிருந்து வந்த பழக்கம் இது.

பிரிகேடியர் என்றதும் பெரிய இடத்துப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரின் ஒரே மகன். சிங்களக் குடும்பம். நிறத்தை வைத்துத் தாய் அவரை 'சுது', அதாவது வெள்ளையன், என்று கூப்பிடுவார். அதனால் எங்களுக்கும் அவர் சுது மாத்தயாதான், சுது ஐயா. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பையன்களோடு வாலிபால் ஆடி வளர்ந்தவர், தமிழும் எங்களைப் போலவே பேசுவார். கேப்டனாக, மேஜராக, கர்னலாக ஒவ்வொரு முறை உயர்ந்தபோதும் லீவில் வருவார். ஜீப்பைக் கீழே நிறுத்திவிட்டு லயத்து வழியாக நடந்துதான் தகப்பன் வீட்டுக்கு ஏறுவார். தேத்தண்ணி கொடுத்தால் நின்று குடிப்பார். அவர் வடக்குச் சண்டையில் என்ன செய்கிறார் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ரப்பர் பால் வெட்டுகிற செல்லையா அண்ணனுக்கு அவர் தெய்வம். கொழும்புக் கடையில் வேலை செய்த அண்ணனின் மகனை இயக்கத்து ஆள் என்ற சந்தேகத்தில் பிடித்து அடைத்திருந்தார்கள். சுது மாத்தயா ஒரு டெலிபோன் போட்டார். பிள்ளை நாலாம் நாள் வீட்டில் நின்றான்.

இந்தச் செல்லையா அண்ணனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தோட்டத்தில் யார் செத்தாலும் தப்பு மேளச் சத்தத்துக்கு முன்னால் நடந்துபோய் முச்சந்திக்கு முச்சந்தி வெடி கொளுத்துவது அவர்தான். பெரிய மனுசர் என்றால் பெரிய கட்டு. வெடி இல்லாமல் போகிற பிணம் அநாதைப் பிணம் என்பது எங்கள் ஆட்களின் எண்ணம்.

நான் தோட்ட ஆபீசில் கிளாக்கராகச் சேர்ந்த இரண்டாம் வருடம் செய்தி வந்தது. சுது மாத்தயா போன வாகனம் கண்ணிவெடியில் சிக்கிவிட்டது. பெட்டி மூடியபடியே வீட்டுக்கு வந்தது. கிராமத்து ரோடு முழுக்கச் சாவுக்கு வெள்ளைக்கொடி கட்டினார்கள். எங்கள் ஆட்களும் பழைய வேட்டிகளைக் கிழித்துக் கட்டினார்கள். ஆனாலும் லயத்தில் பயம் பிடித்துக்கொண்டது. மேலே ஒரு சிங்களக் கிராமம், கீழே ஒரு சிங்களக் கிராமம், நடுவில் எங்கள் நாலு லயம். அவரைக் கொன்றவர்கள் பேசியதும் தமிழ்தான். முன்பு கலவரத்தில் ஒருமுறை லயம் எரிந்ததைப் பார்த்த பெண்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைப் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

பிணம் எடுக்கிற அன்று தோட்ட மேனேஜர் துரை என்னை மலர்வளையத்தோடு அனுப்பினார். பெட்டி லயத்துக்குக் கீழேயுள்ள வளைவில் திரும்பியது. அந்த நேரம் மேலே வெடிக்கட்டு வெடித்தது. சாதாரணக் கட்டு இல்லை, கோயில் திருவிழாவுக்கு வைத்திருந்த பெரிய கட்டு. அது ஓயவே இல்லை.

ஊர்வலம் நின்றுவிட்டது. "தெமளு ரதிஞ்ஞா பத்து கரனவா!" என்று ஒருவன் கத்தினான். தமிழர்கள் வெடி கொளுத்திக் கொண்டாடுகிறார்களாம். இளைஞர்கள் சிலர் லயத்துப் பாதையில் ஏறத் தொடங்கினார்கள். கொளுத்தியது யார், எதற்கு என்று எனக்குத் தெரியும். சிங்களமும் தண்ணீர்பட்ட பாடு. ஆபீசில் கடிதமே எழுதுகிறவன். ஆனால் அந்த நேரத்தில் ஒரு சிங்கள வார்த்தைகூட வாயில் வரவில்லை. அத்தனை பேர் நடுவில் தமிழில் அலறினேன்: "ஐயா, நம்ம செல்லையாண்ணன்ங்க! மரியாதைக்குப் போடுறாருங்க!"

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. என் சட்டையை ஒருவன் பிடித்துவிட்டான். டிஸ்பென்சர் ஐயா பெட்டியிலிருந்து கையை எடுத்தார்.

"செல்லையாவா?" என்று தமிழிலேயே கேட்டார்.

"ஆமாங்க. நம்ம ஆளுகளுக்குப் போடுற மாதிரிதாங்க."

அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிங்களத்தில் சத்தம் போட்டார். அது தோட்டத்தாரின் மரியாதை, தன் மகனுக்காகச் செய்கிறார்கள், யாரும் மேலே போகக் கூடாது என்றார். ஏறியவர்கள் நின்றார்கள். முறைத்துக்கொண்டுதான் இறங்கினார்கள். மயானத்தில் ராணுவத்தினர் வானத்தைப் பார்த்து மூன்று தரம் சுட்டபோது, நான் மலர்வளையத்தைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் பின்னால் போய் நின்றேன்.

மாலையில் செல்லையா அண்ணன் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் உட்கார்ந்திருந்தார். "நான் என்ன தம்பி தப்பு செஞ்சேன்? அந்த மனுசனச் சும்மா அனுப்பவா?" என்றார். நான் கோபத்தில் கத்தினேன். இனித் தோட்டத்தில் எந்தச் சாவுக்கும் வெடி கிடையாது என்றேன். ஆபீஸ்காரன் பேச்சு, எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

சண்டை முடிவதற்கு இரண்டு வருடம் முன்பு செல்லையா அண்ணன் செத்தார். தப்பைக்கூட மெதுவாகத்தான் அடிக்கச் சொன்னேன். அந்த வளைவில் டிஸ்பென்சர் ஐயா கம்பு ஊன்றிக் காத்துக்கொண்டிருந்தார். பிணத்துக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு என் தோளைத் தொட்டார்.

"ஏன் தம்பி, செல்லையாவுக்கு வெடி போடலயா?"

பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மறந்துவிட்டது என்றேன்.  அவர் சட்டைப்பைக்குள் கைவிட்டு, வெடி வாங்கக் காசு தேடுகிறவர் போலத் துழாவிவிட்டு, வெறுங்கையை வெளியே எடுத்தார்.

இன்று டிஸ்பென்சர் ஐயாவும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. சண்டை முடிந்த அன்று டவுன் முழுக்க வெடித்தார்கள். இப்போது கடை திறந்தாலும் வெடிக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் மட்டும் பிணங்கள் சத்தமில்லாமல் போகின்றன. ஏன் என்று இளசுகளுக்குத் தெரியாது. எங்கள் வழக்கமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.