வழியில் கிடந்த தழை

பட்டணத்தில் ஒரு துரையின் கம்பெனியில் நான் குமாஸ்தா. சென்ற புரட்டாசியில் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி, பழைய வண்டிப்பாதை வழியே பூந்தமல்லிக்கு நடந்தேன். ஆளரவமற்ற பொட்டல். ஏரியருகே பாதை இரண்டாகப் பிரிந்தது. ஏரிக்குள் இறங்கும் பாதையின் குறுக்கே, புதிதாய் ஒடித்த வேப்பந்தழை கிடந்தது. வெயிலுக்கு ஆகுமென்று அதை எடுத்துத் தலைமேல் பிடித்துக்கொண்டு கரைமேல் போனேன். நிழல் வந்ததும் எறிந்துவிட்டேன்.

அந்த நிழலைத் தாண்டி ஒரு குடியானவர் நின்றிருந்தார். “பின்னால என் சம்சாரம் கொயந்தையத் தூக்கிகினு வருது, சாமி” என்றார்.

அப்போது ஏரியிலிருந்து அலறல் கேட்டது. இருவரும் ஓடினோம். அந்தப் பெண் இடுப்பளவு சேற்றில், குழந்தையைத் தலைக்குமேல் தூக்கியபடி நின்றாள். மேல்துண்டை வீசி இழுத்துக் கரையேற்றினோம்.

“இந்தப் பக்கம் வராதேன்னு தழை ஒடிச்சுப் போட்டேனே, கண்ணு தெரில?” என்று அவர் கத்தினார்.

“சத்தியமா தழையே இல்லய்யா!”

அவர் அவளை அறைந்தார். நான் வாய் திறக்கவில்லை. பிறகு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார், அதையும் வாங்கிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் வழியில் தழை கிடந்தால் தொடுவதில்லை. வாடியிருந்தால் புதிதாக ஒடித்துப் போடுகிறேன். அந்த அம்மாள் சொன்னது சத்தியம். அவள் புருஷனுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.