ரோபோவின் அழுகை

அந்த ஜப்பான் கார்ட்டூனில் வரும் ரோபோவுக்குக் குரல் கொடுத்தே டப்பிங் அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது. ரோபோ மூக்கால் கீச்சிட்டு அழுதால் போதும், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்த அழுகையால்தான் அவளுக்குப் பிழைப்பே ஓடியது. கீச்சிட்டுக் கீச்சிட்டுச் சொந்தக் குரல் எங்கோ தொலைந்துபோனது. புருஷன் மட்டும், "வீட்டுக்கு வந்தாச்சுல்ல, இனி நீயா பேசேன்" என்பார்.

அவர் மாரடைப்பில் போன அன்று, கூடத்தில் கிடத்தியிருந்த உடலைப் பார்த்து வாய்விட்டுக் கதறினாள். பக்கத்து வீட்டுப் பொடிசு கலகலவென்று சிரித்தது.

"அம்மா, ரோபோ அழுவுது பாரும்மா!"

தாய் பதறிப்போய் அதன் வாயைப் பொத்தினாள். சிரிப்பை அடக்கத் தலைகுனிந்த பெரியவர்களையும் அக்கா பார்த்துவிட்டாள். மிச்ச அழுகையைச் சத்தமே வராமல் அழுதாள்.