ஒன்றரை வேகத்தில் பார்த்த படம்

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் ஒரு தவறு செய்துவிட்டேன். திருத்தம் போட வேண்டிய தவறு.

ஸ்ரீரங்கத்தில் எடுத்த அந்தச் சின்னப் படத்தைப் பற்றி எழுதியிருந்தேனே, ஞாபகமிருக்கிறதா? கணவனைப் பிரிந்து வந்த பெண் ஒருத்தி மாடி ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே இருக்கிற படம். ‘நடிப்பு அடக்கம், வசனம் குறைவு, வரவேற்கிறேன். ஆனால் சித்திரை வீதியை ஒரு முழு நிமிடம் காட்டுகிறார்கள் — அதில் ஒன்றுமே நடக்கவில்லை. வெட்டியிருக்கலாம்’ என்று தீர்ப்பும் சொல்லியிருந்தேன்.

நான் சினிமா படித்தவன் அல்லன். கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்திவிட்டு, வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிறவன். அதிலும் ஒரு கெட்ட பழக்கம் — நிதானமான படங்களை ஒன்றரை வேகத்தில் ஓட்டிப் பார்ப்பேன். நாயகன் செருப்பு மாட்டுவதையே மூன்று நிமிடம் ஸ்லோ மோஷனில் காட்டுகிற படங்களையும் அப்படித்தான் சமாளிக்கிறேன். எல்லாப் படங்களும் ஒரே நடைக்கு வந்துவிடுகின்றன... சௌகரியம்தானே?

ஞாயிற்றுக்கிழமை காலை, புனேயிலிருந்து மகள் சுதா கூப்பிட்டாள்.

“அப்பா, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு அந்தப் படத்தைப் பார்த்தேன். நீங்க முழுசாப் பார்த்தீங்களா?”

“பார்க்காம எழுதுவேனா?”

“எந்த ஸ்பீடுல?”

கையருகே கிடந்த ரிமோட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

“நெனச்சேன். கிளாஸ்ல யாராவது தூங்கினா சாக்பீஸ் எறிவீங்க. உங்க மேல யாருப்பா எறியறது?” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “அப்பா... அந்தத் தெரு சீன்ல அம்மா போறாங்க.”

“சும்மா இரு, சுதா.”

“நாலு தடவை பார்த்துட்டேன். மாடியிலேர்ந்து எடுத்திருக்காங்க, முகம் சின்னதாத் தெரியுது. நீங்க பார்த்துச் சொன்னாத்தான் எனக்கு நிச்சயம். சாதாரண ஸ்பீடுல போடுங்க, ப்ளீஸ்.”

அவள் ஏன் அப்படிக் கெஞ்சினாள் என்பதைச் சொல்ல வேண்டும். என் மனைவி விஜயா காலமாகி எட்டு மாதம் ஆகிறது. எங்களிடம் அவளுடைய புகைப்படங்கள் இருக்கின்றன. அசைகிற படம் ஒன்றுகூட இல்லை. கேமராவைக் கண்டால் நகர்ந்துவிடுவாள். சுதாவின் கல்யாண வீடியோவில் “என்னை எதுக்குப்பா எடுக்கறீங்க? பொண்ணை எடுங்க” என்று குரல் மட்டும் கேட்கும், ஆளைக் காணோம். எனக்கு அவள் முகம் நினைவிருக்கிறது. எப்படி நடப்பாள் என்பதுதான், எவ்வளவு முயன்றாலும், சில வாரங்களாக நினைவுக்கு வரவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பகல் பத்தரை மணி. ஜன்னல்கள் திறந்திருந்தன. வெளியே கீரைக்காரம்மாவின் குரல். பேய்ப் படம் எடுப்பவர்கள் இருட்டையும் கதவின் கிறீச்சொலியையும் எதற்கு இத்தனை நம்புகிறார்கள்? வெயிலில் கிடக்கிற ஒரு தெரு போதும்.

போட்டேன். சாதாரண வேகம்.

ஒரு நாய் நிழல் தேடி நகர்கிறது. சைக்கிள் ஒன்று போகிறது. குடை பிடித்த ஒருவர், ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி, விறுவிறுவென்று நடந்து திரையை விட்டு வெளியேறுகிறார். அப்புறம் காலித் தெரு. விநாடிகளை எண்ணினேன். பதினொன்று வரை யாரும் இல்லை.

பன்னிரண்டில் அவள் வந்தாள்.

இடது காலை ஊன்றியும் ஊன்றாமலும் வைக்கிற அந்த நடை. நாலைந்து அடிக்கு ஒரு நிறுத்தம். ஒன்றரை வேகத்தில் அந்த நிறுத்தங்கள் தேய்ந்துபோய், யாரோ ஒரு பெண் அவசரமாகப் போவதாக எனக்குத் தெரிந்திருக்கிறது.

மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கையால் ஒரு பெரிய எக்ஸ்ரே கவரைத் தலைக்கு மேல் வெயிலுக்குப் பிடித்திருந்தாள். முன்னால் பார்த்து ஏதோ சொன்னாள். படத்தில் அந்த இடத்தில் ஒலியே இல்லை. பிறகு நிமிர்ந்து, நேராக ஜன்னலைப் பார்த்தாள். அதாவது, என்னை. கண்ணிமைக்காமல், இரண்டு விநாடி. இம்முறை நகரவில்லை.

ரிமோட்டைக் கீழே வைத்தேன்.

எக்ஸ்ரே ஒரே ஒரு நாள்தான் எடுத்தோம். திருச்சி தில்லைநகரில் முழங்கால் டாக்டரைப் பார்த்துவிட்டு, சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் வந்து இறங்கினோம். எடுத்தோம், இறங்கினோம்... அன்று அவள் தனியாகப் போகவில்லையே?

பின்னால் ஓட்டி, குடைக்காரரைப் பார்த்தேன்.

என் குடை.

சுதாவைக் கூப்பிட்டேன்.

“அம்மாதான்.”

“தேங்க்ஸ்ப்பா” என்றாள்.

“முன்னால ஒருத்தர் போறாரே...”

“உங்களைத்தாம்ப்பா முதல்ல அடையாளம் தெரிஞ்சுது. நீங்க போறீங்கன்னா அம்மா பின்னால வந்தாகணுமேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். நீங்களே பார்த்துத் தெரிஞ்சுக்கணும்னுதான் சொல்லலை.”

“கூப்பிட்டிருக்காம்மா. எனக்குக் கேட்கலை.”

“உங்களுக்கு என்னிக்குப்பா கேட்டிருக்கு?” அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆகவே, திருத்தம். அந்த ஒரு நிமிடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் எழுதியது பிழை. எங்களுடைய முப்பத்தாறு வருடமும் அதில் இருக்கிறது. பெரிய படமாக இருந்தால் குடைக்காரர் போனதுமே வெட்டியிருப்பார்கள். காலித் தெருவைக் காட்ட யாருக்குப் பொறுமை? நான் முகம் பார்த்திராத ஓர் எடிட்டர், அவள் வந்து சேரும் வரை பதினொரு விநாடி காத்திருந்திருக்கிறார். அவருக்கு என் வணக்கம்.

நேற்றும் பார்த்தேன். குடை பிடித்த அந்த மனிதர் நேற்றும் திரும்பவில்லை.