மடியில் இருந்த பியூஸ் கட்டை

எனக்கு வயது எழுபத்தாறு. நான் வளர்த்தது நாலு பேர். பெற்றது மூன்று, நாலாவது என் தம்பி. இந்த நினைவு மலரின் முதல் பக்கத்துப் படத்தில் இருப்பவர் அவர்தான். எனக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

தம்பி பிறந்தது வெள்ளகோவிலுக்குத் தெற்கே, மானாவாரிக் காட்டில். அம்மா காலமானபோது அவர் நடை பழகியிருக்கவில்லை. பல்லடம் பக்கம் கட்டிக்கொடுத்த என்னோடு அவரும் வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எட்டாவது முடித்ததும் கோயமுத்தூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறையில் சேர்ந்தார். பிறகு ஆழ்துளைக் கிணற்றுப் போர்க்குழியில் மோட்டார் இறக்குவதும் ஏற்றுவதுமே அவர் தொழிலாயிற்று. கேபிளைப் பிடித்து மோட்டாரைத் தூக்க யாரையும் விடமாட்டார். நைலான் கயிறு கட்டாமல் ஒன்றையும் இறக்கியதில்லை.

தோட்டத்துக்கு மூன்று பேஸ் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். எப்போது வந்தாலும் மோட்டார் தானே ஓடட்டும் என்று ஸ்டார்ட்டரை ‘ஆட்டோ’வில் போட்டு வைப்போம். கரண்ட் இல்லாத நேரந்தானே என்று அப்படியே வேலையில் இறங்குவதும் நம் பக்கத்துப் பழக்கம். அப்படி ஒரு தோட்டத்தில் அறுந்த கேபிளை ஒட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்து, தம்பியின் கூட்டாளிக்கு வலது கை போயிற்று.

அன்றிலிருந்து தம்பி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். மெயினை அணைத்து, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கி, அந்த வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிடுவார். “மடியில வச்சுக்குங்க அம்மணி. நானே வந்து கேட்டாத்தான் குடுக்கோணும். உங்க ஊட்டுக்காரரு கேட்டாலும் குடுக்காதீங்க.”

ஒரு தோட்டத்துக்காரர் கேலி பேசினார். “ஏனுங்க, கரண்டே இல்ல, கட்டைய எதுக்குங்க புடுங்கறீங்க?”

“கரண்டு உங்ககிட்டச் சொல்லிட்டுங்களா வருது?”

“அதுக்கு எம்பட ஊட்டுக்காரிகிட்டயா குடுக்கறது?”

“நீங்க கேட்டு அவங்க எதைங்க லேசுல குடுத்திருக்காங்க?”

அந்த அம்மாவே சிரித்துவிட்டார்களாம்.

போன மாசியில் என் தோட்டத்து மோட்டார் நின்றுபோயிற்று. தம்பியே வந்தார். கட்டைகளை என் மடியில் போட்டார். மோட்டாரை மேலே ஏற்றி, பழுது பார்த்து முடித்ததும், நெஞ்சை அடைக்கிறது என்று மரத்தடியில் உட்கார்ந்தார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்.

“அக்கா, கட்டை?”

“மடியிலயே இருக்குது சாமி.”

சிரித்தார். மறுநாள் விடியலில் போய்விட்டார்.

காரியம் முடிவதற்குள் தென்னம்பிள்ளைகள் வாட ஆரம்பித்தன. மாடுகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தோம். தம்பியோடு வெகுகாலம் வேலை பார்த்த செல்வராசு வந்து மோட்டாரை இறக்கிவிட்டு, கட்டைக்குக் கை நீட்டினார். எனக்கு மனசு வரவில்லை.

“எந்தம்பி வந்து கேட்டாத்தான் குடுப்பேன்.”

அவர் வருத்தப்படவில்லை. “அண்ணன் எங்கள என்னென்ன கேப்பாரோ, அதையெல்லாம் நீங்க கேளுங்கம்மா. நான் பதில் சொல்றேன்.”

கேட்டேன்.

“கயிறு கட்டியாச்சா?”

“கட்டியாச்சுங்க.”

“ஜாயிண்டுல தண்ணி போகாம ஒட்டியாச்சா?”

“ஒட்டியாச்சுங்க.”

“எர்த்து கம்பி?”

“குடுத்தாச்சுங்கம்மா.”

“ஆட்டோ?”

செல்வராசு திரும்பிப் பார்த்தார். ஸ்டார்ட்டர் ஆட்டோவிலேயே இருந்தது. போர்க்குழியோரம் இரண்டு பேர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஓடிப்போய் மாற்றினார். ஆட்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“அண்ணனே வந்து கேட்டுப்போட்டாருங்கம்மா.”

மடியை அவிழ்த்துக் கொடுத்தேன். தண்ணீர் வந்தது.

தம்பியை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், நாங்கள் அங்கே இருந்தபோது மாடு கறந்து, வந்தவர்களுக்குச் சோறு போட்ட பக்கத்து வீட்டு மேரிக்கும், செல்வராசுவுக்கும், தூரந்தொலைவிலிருந்து வந்து நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த மலரை வாங்கிப் போகும் பெண்மக்களே, உங்கள் தோட்டத்தில் மோட்டார் ஏற்றும் நாளில் கட்டையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு நீங்கள் செய்கிற மரியாதை அது.

எழுதியாச்சா கண்ணு? எங்கே, மொதல்ல இருந்து படி. உங்க சின்னத் தாத்தன் பேசற எடம் வந்தா மட்டும் கொஞ்சம் மெல்லப் படி.