அப்பா பதிந்த கச்சேரி

என் அப்பா மைக்செட் வைத்திருந்தார். கும்மிடிப்பூண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணத்துக்கும் ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவர் வேலை. எனக்கு நான்கு வயதானபோது மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அவருடைய புகைப்படங்கள் பதினொன்று இருக்கின்றன. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து எண் போட்டு வைத்திருக்கிறேன். குரல் எதிலும் இல்லை.

அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை, போன வருடம் அம்மா சொல்லும்வரை. காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்:

"உங்கப்பா மூஞ்சி அப்டியே கண்ணுல நிக்குது. கொரலுதான் போயிடுச்சுடி. எவ்ளோ யோசிச்சாலும் வரமாட்டேங்குது."

"எப்போலருந்து?"

"தெரில. ஒரு நாள் தேடினேன், இல்ல."

கம்பெனி பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு குறை வந்தால் அது எங்கெங்கிருந்து வந்திருக்கலாம் என்று வரிசையாக எழுதிப் பார்ப்பது எங்கள் பழக்கம். அன்று சாப்பாட்டு இடைவேளையில், அப்பாவின் குரல் எங்கெல்லாம் இருக்கக்கூடும் என்று எழுதினேன். கல்யாண வீடியோ: எடுக்கவில்லை. அத்தை வீட்டு டேப்ரெக்கார்டர்: எடைக்குப் போட்டாயிற்று. கடைசியாக, அப்பாவின் சொந்தக் கேசட்டுகள். கச்சேரிகளை ஆம்ப்ளிபயரிலிருந்து நேராகப் பதிந்து வைப்பார். பெருமழை வருடத்தில் பெட்டியோடு நனைந்ததில் ஒன்று மட்டும் ஓடியது. அதன் மேல் எழுதியிருந்ததும் அழிந்துவிட்டது.

அதில் நாற்பத்திரண்டு நிமிடம் பாட்டு இருந்தது. பேச்சு வர வேண்டிய இடத்திலெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம், உடனே அடுத்த பாட்டு.

"பேச்சு வந்தா பாஸ் பட்டன அமுக்கி பதியறத நிறுத்திடுவாரு" என்றாள் அம்மா. "கேசட்டு வீணாப் போவக்கூடாதுல்ல? எல்லா மைக்செட்காரனும் அப்டித்தான்."

மூன்றாவது பாட்டு எந்தப் படத்திலும் இல்லாதது. அம்மனைப் பற்றி ஒரு ஆணும் பெண்ணும் பாடும் ஜோடிப் பாட்டு. அதைக் கேட்டதும் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அது எங்கள் ஊர்த் திருவிழா, நான் அவள் வயிற்றில் இருந்த வருடம். அன்று பாடகர் சட்டை மாற்றப் போய் நேரமானதால், கூட்டம் கலையாமல் இருக்க அப்பாவே மைக்கைப் பிடித்துக் கால் மணி நேரம் பேசினாராம். ஜனம் விழுந்து விழுந்து சிரித்ததாம். என்ன பேசினார் என்பது அவளுக்கு நினைவில்லை. குழுவின் பெயரும் நினைவில்லை.

கச்சேரிக் குழுக்கள் தங்கள் நிகழ்ச்சியைத் தாங்களும் பதிந்துகொள்வதுண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர்கள் பாஸ் அழுத்தியிருக்க மாட்டார்கள். குழுவைக் கண்டுபிடித்தால் அப்பா கிடைப்பார். அவ்வளவுதான் என் கணக்கு.

பழைய மேடைக் கச்சேரிகளைச் சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்து பாட்டை அனுப்பினேன். காரணத்தைச் சொல்லவில்லை. பொன்னேரிக் குழு என்றார் ஒருவர், ஊத்துக்கோட்டை என்றார் இன்னொருவர். அதில் கிடார் வாசிப்பது யார் என்று வாரம் முழுக்கச் சண்டை. ஓரிடத்தில் அப்பா பாஸை அரை நொடி தாமதமாக அழுத்தியிருந்தார். அறிவிப்பாளரின் வார்த்தையில் "...சைக் குழு" என்ற வால் மட்டும் சிக்கியிருந்தது.

"எல்லா ட்ரூப்பும் இன்னிசைக் குழுதான்பா" என்று ஒருவர் எழுதினார். "தமிழ்நாட்டையே தேடுங்க."

திருநின்றவூரிலிருந்து ஒருவர், பாடும் அந்தப் பெண் யார் என்று தெரிந்தால் தனக்கு முதலில் சொல்லும்படி மூன்று முறை கேட்டிருந்தார்.

நான் ஒலியைக் கணினியில் வரைகோடாக விரித்துப் பார்த்தேன். ஆண் குரலும் பெண் குரலும் ஒருமுறைகூட ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை. சேர்ந்து பாட வேண்டிய கடைசி வரியைக்கூடப் பாதிப் பாதியாகப் பிரித்திருந்தார்கள். இரண்டும் மூச்சு வாங்கும் சத்தம் ஒன்றுபோலிருந்தது. 'இரண்டு குரலும் ஒரே ஆள்' என்று எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "மேடம், அது எங்க பெரியப்பா!"

பாடகரான அந்தப் பெரியப்பா அத்திப்பட்டில் இருந்தார். அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்த்து ஓய்ந்தவர். மைக்செட்காரர் மகள் என்று சொல்லி, எங்கள் ஊர்க் கச்சேரியின் பதிவு இருக்கிறதா என்று போனில் கேட்டேன். "அந்த கேசட்டா? பத்திரமா வச்சிக்கினு இருக்கேம்மா, வா" என்றார்.

அம்மாவைக் கூப்பிட்டேன். வரவில்லை என்றாள். "அவரு பேசினா எனக்கு போன் போட்டு பக்கத்துல வையி. நான் ஊட்லயே இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் போனேன். அவர் மனைவி டீ கொடுத்தார். "இவுரு பொம்பள கொரல கேட்டுட்டு எத்தினி ஆம்பளைங்க லெட்டர் போட்டானுங்க தெரியுமா? நான்தான் படிச்சிப் பாத்து கிழிப்பேன்" என்று சிரித்தார். எனக்குத் திருநின்றவூர்க்காரர் ஞாபகம் வந்து நானும் சிரித்தேன்.

கேசட் ஓடத் தொடங்கிய மூன்றாவது நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் கேசட்டில் முதல் பாட்டின் தொடக்கத்தில், பதியும் டெக் வேகம் பிடிக்கும் வரை சுருதி வழுக்கும். இதிலும் அதே வழுக்கல். பாட்டு முடிந்ததும் 'டக்'.

"இது நீங்க பதிஞ்சதா அங்கிள்?"

"எங்க டெக்கு அன்னிக்கு ரிப்பேரும்மா. மறுநாள் காலைல உங்க நைனாதான் ஒரு காப்பி போட்டு எடுத்தாந்து குடுத்தாரு. தங்கமான மனுசன்."

மூன்றாவது பாட்டு வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார், முதலில் ஆணாக, பிறகு பெண்ணாக. பெண் குரல் இன்னும் அப்படியே இருந்தது. முழுவதும் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கேட்டேன். "எங்கப்பா எப்படிப் பேசுவாருன்னு ஞாபகம் இருக்கா அங்கிள்? நீங்க குரல் மாத்திப் பாடுறீங்களே. ஒரு வார்த்தை பேசிக் காட்ட முடியுமா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அலோ" என்றார். தலையை ஆட்டிக்கொண்டார். "அலோ, அலோ, மைக் டெஸ்டிங்..." தொண்டையைச் செருமிவிட்டு இன்னொரு விதமாகச் சொன்னார். மூன்றாவது முறை வாயைத் திறந்து மூடிவிட்டார்.

"வரலம்மா. ஆளு நிக்கிறது தெரியுது, ஒயரு சுத்துறது தெரியுது. கொரலு வரல. பொய்யா ஒண்ணு பண்ணிக் காட்டலாம்... வேணாம்மா."

நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். ஸ்டேஷனுக்குப் பேருந்தில் வரும்போது வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தேன். கச்சேரிக் குழுவின் பெயர் கிடைத்த செய்தியைப் பாடகரின் தம்பி மகன் போட்டிருந்தான். கைதட்டல்கள், பூங்கொத்துகள். 'மேடம்தான் கண்டுபிடிச்சாங்க' என்று ஒருவர் எழுதியிருந்தார். நானும் ஒரு கும்பிடு போட்டேன்.

அத்திப்பட்டு நடைமேடையில் நின்றுதான் அம்மாவுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பேசறாரா?"

"இல்லம்மா. இதுவும் அப்பா போட்ட காப்பிதான்."

"எல்லாத்தயும் பாஸ் பண்ணிட்டாரா?"

"ஆமாம்மா."

"அந்த ஆளுக்காவது ஞாபகம் இருக்குதாமா?" என்றாள்.

"முயற்சி பண்ணாரு. வரலையாம்."

"அப்போ யாருக்குமே இல்ல" என்றாள் அம்மா.