ஃப்ரீசருக்குள் போன ஊசி

என் அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ரோட்டில் எவன் குறுக்கே வந்தாலும் அசரமாட்டாள். அன்று சாயங்காலம் ஃப்ரிட்ஜைத் திறந்தவள் அப்படியே விறைத்து நின்றாள்.

கருமுட்டையை வளரச் சொல்லி மூளையிலிருந்து வரவேண்டிய ஹார்மோன் அவளுக்குச் சுரப்பதில்லை. மாத்திரை போட்டால்தான் மாதவிலக்கே வரும். அதனால் அந்த ஹார்மோனையே ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் ஒன்றும் வளரவில்லை. வேறொரு பெண்ணின் முட்டையை வாங்கிக்கொள்ளலாமே என்று சொந்தக்காரர்கள் வாய் கூசாமல் சொன்னார்கள். இந்த முறை ஒன்றே ஒன்று வளர்ந்திருந்தது. அதை வெளியே வரவைக்கும் கடைசி ஊசியை அன்றே, குறித்த நேரத்தில் போட்டாக வேண்டும். தவறினால் இதுவரை குத்திக்கொண்டதெல்லாம் வீண்.

அந்த மருந்து ஐஸ்கட்டியாகிக் கிடந்தது.

அண்ணனுக்கு ஐஸ்கிரீம் கிடங்கில் வேலை. அவனைப் பொறுத்தவரை குளிர் கூடக்கூடச் சரக்கு பத்திரம். கீழ்த்தட்டில் இருந்ததை எடுத்து ஃப்ரீசருக்குள் வைத்திருக்கிறான், மகராசன்!

“கெட்டுடக் கூடாதேன்னுதான்...”

“அண்ணா, கொஞ்சம் வாயை மூடு” என்றேன்.

அண்ணி திட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸுக்கு போன் போட்டாள்.

“உறைஞ்சதைப் போட்டுடாதீங்க. இங்க ஒண்ணு இருக்கு, உடனே கிளம்பி வாங்க” என்றாள் நர்ஸ்.

அண்ணியின் பயிற்சிக் காரில் பறந்தோம்; அவள் ஓட்டினாள், நான் பின்சீட்டில். அதில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வழக்கமாக அண்ணி உட்காரும் அந்த இடத்தில் அன்று அண்ணன். எதிரே லாரியைக் கண்டதும் பிரேக்கை ஓங்கி மிதித்தான். கார் குலுங்கி நின்றது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

“காலை எடுங்க!” அண்ணி கத்தினாள். “பத்திரம் பத்திரம்னே எல்லாத்தையும் கெடுக்காதீங்க!”

அவன் கால்களை மடக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டான். கண்ணாடியில் பார்த்தேன், அழுதுகொண்டிருந்தான். எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

நர்ஸ் வாசலிலேயே காத்திருந்தாள். நேரத்துக்குள் ஊசி போட்டாயிற்று. ஆனால் அதற்கப்புறம்தான் கொடுமை. ஸ்கேன் நாள் வரும்வரை வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி என் கையை நெரித்துவிட்டாள்.

“முட்டை வெளிய வந்துடுச்சும்மா. கரு தங்குமான்னு இப்ப சொல்ல முடியாது.”

“அதைக் கேக்கல டாக்டர்.” அண்ணியின் குரல் உடைந்தது. “வந்தது என்னோட முட்டைதானே?”

“பின்ன வேற யாரோடது?”

அண்ணி அந்தக் கட்டிலில் படுத்தபடியே ஓவென்று அழுதாள்.