அம்மா பொறுக்கிய சாக்கு

சங்கரன்கோவிலில் நைட்டி தைத்துப் பிழைக்கிறேன். நாள் முழுக்கக் கத்திரி பிடிக்கிறவள்தான், ஆனால் வெட்டுவதில் என் அம்மாவின் வாய்க்கு முன்னால் நான் கற்றுக்குட்டி.

புருஷன் என்னை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போனான். போனவனை ஊர் 'போயிட்டான்' என்றது, அதோடு சரி. எங்கும் போகாமல் கிடந்த எனக்குத்தான் 'வாழாவெட்டி' என்று பெயர். 'தனியா இருக்கா' என்றும் சொல்லலாம், அர்த்தம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தனியாக இருக்கிறவள் விசேஷ வீட்டில் பந்தி பரிமாறலாம். வாழாவெட்டி வாசலில் எதிரே வந்தாலே ஆகாது. நான் பக்கத்தில் இருந்தால் அம்மா 'தனியா இருக்கா' என்பாள், இல்லையென்றால் 'வாழாவெட்டி' என்பாள்.

போன தையில் தம்பிக்குக் கல்யாணம். தேடித் தேடி ராயகிரியில் பெண் அமைந்தது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் அவனுடைய அக்காதான் போட வேண்டும். அவனுக்கு நான் ஒரே அக்கா. எதிர்வீட்டுக்காரியைக்கூடத் தாம்பூலத் தட்டோடு போய் அழைத்த அம்மா, என் வீட்டுக்குள் ஏறாமல் தெருவில் நின்றபடியே, “ஏட்டி, புதன்கிழமை கல்யாணம். வந்துட்டுப் போ” என்றாள்.

'வா' வேறு, 'வந்துட்டுப் போ' வேறு. எனக்கும் புரியாமல் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு முடிச்சின்மேல் ஆசை விடவில்லை. அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் நான். முந்தின நாள் தையல் மெஷினில் உட்கார்ந்து மஞ்சள் நூலில் முடிச்சுப் போட்டுப் பழகிக்கூடப் பார்த்தேன், பைத்தியக்காரி.

மண்டபத்தில் யாரோ அட்சதைத் தட்டை என் கையில் கொடுத்தார்கள். மேடையோரம் நின்றேன். முகூர்த்தம் நெருங்கியதும் பெண்ணின் அம்மா கூட்டத்தில் தேடினாள். “மாப்பிள்ளைக்கு அக்கா ஒண்ணு உண்டுல்லா மதினி? முடிச்சுப் போட வரச் சொல்லுங்க.”

அம்மாவுக்கு உடனே ஒரு சாக்கு வேண்டும். 'அவளுக்கு மேலுக்கு முடியலை' என்று சொல்லியிருக்கலாம். யாராவது ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள், முடிச்சுப் போடாவிட்டாலும் உட்கார்ந்து கண்ணால் பார்த்திருப்பேன். அம்மா என்னைப் பார்த்தாள். அவள் யோசித்ததையும் நான் பார்த்தேன்.

“அவ வீட்டுக்குத் தூரம்லா மதினி” என்றாள்.

மாதவிலக்கை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தீட்டோடு மேடைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறேன் என்றாகிவிட்டது. ஒருத்தி என் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி, அட்சதையைக் குப்பைக் கூடையில் கொட்டினாள். “கொஞ்சமாவது கூறு இருக்கா? தூரமா இருக்கவ இங்கன வந்து நிக்கலாமா?” என்று கேட்டாள். தம்பி திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தாலியைக் கையில் வாங்கிக்கொண்டான். முடிச்சுப் போடப் பெரியப்பா மகள் சேலையைச் சரிசெய்துகொண்டு மேடை ஏறினாள்.

வாசலுக்கு வரும்போது கெட்டிமேளம் கேட்டது. அழுகை வரவில்லை, அவ்வளவு ஆத்திரம். எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துச் சில வருடம் ஆகிறது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து எனக்குத் துணி மாற்றிவிட்டவள் அம்மாதான்.